கடை திறந்தால் போதுமா?

புது வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

நமது அங்கத்தினர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். ஆண்டுதோறும் அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் புதிய கடைகளைத் திறக்கிறார்கள். திறப்பு நாளன்று நாமும் போகிறோம், துஆச் செய்கிறோம், விருந்துண்டு திரும்புகிறோம். ஓராண்டு கழித்து அந்தப் பக்கம் போனால், சில கடைகளின் இரும்புக் கதவு இழுத்து மூடிக் கிடக்கிறது. ஊரில் தகப்பனார் விற்ற நிலத்தின் பணமோ, தாயார் கழற்றிக் கொடுத்த நகையின் பணமோ, பத்தாண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமோ அந்தக் கதவுக்குப் பின்னே கரைந்து போயிருக்கும். கேட்டால், "வியாபாரம் படியவில்லை" என்பார்கள். "இடத்தில் ராசியில்லை" என்பார்கள். பல சமயங்களில் சரக்கும் மோசமில்லை, இடமும் மோசமில்லை. அப்படி ஒரு கடை இருப்பதே அடுத்த தெருவில் உள்ளவர்களுக்குத் தெரியாது என்பதே உண்மை.

சரக்கு வாங்க நாம் கற்றிருக்கிறோம். கணக்கெழுதக் கற்றிருக்கிறோம். நமது சரக்கு யாருக்கு வேண்டும், அவரை அணுகுவது எப்படி, ஒரு முறை வந்தவரை மறுமுறையும் வரச் செய்வது எப்படி என்பவற்றை மட்டும் ஒழுங்காகக் கற்கவில்லை. இக்காலத்தார் இதனைச் சந்தைப்படுத்துதல் என்கிறார்கள். பெயர்தான் புதிது, காரியம் மிகப் பழையது. அதைப் படிப்படியாக இங்கே ஆராய்வோம்.

1. முன்னோர் காட்டிய வழி

கெடா மண்ணுக்கும் தமிழ் வியாபாரிக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. சோழர் கல்வெட்டுகள் இந்நாட்டைக் கடாரம் என்று குறிக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் கெடா சுல்தான்களின் வாணிபத்தைக் கவனித்த அரச வியாபாரிகளுள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களும் இருந்தார்கள். 1786-இல் பினாங்கு ஆங்கிலேயர் வசமான பின்னர் அங்கும் நம்மவர் குடியேறினர். ஏறத்தாழ 1,000 சூலியர்கள் அத்தீவில் தங்கிக் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் இருப்பதாக 1794-இல் பிரான்சிஸ் லைட் எழுதியிருக்கிறார்.

இந்த வியாபாரத்தில் பிரதானமான சரக்கு துணி. அத்துணியை நெசவாளர்கள் தம் மனம்போன போக்கில் நெய்து அனுப்பிவிடவில்லை. கிழக்கு நாடுகளில் எந்த ஊரார் எந்த நிறத்தை விரும்புகிறார்கள், எந்தக் கரை, எந்தக் கட்டம் அவர்கள் கண்ணுக்குப் பிடிக்கிறது என்பதை வியாபாரிகள் விசாரித்தறிந்தார்கள். மாதிரித் துணியைக் கொண்டுபோய்க் காட்டி, அதன்படி நெய்வித்தே கப்பலேற்றினார்கள். மலாய்க்காரர் இன்றும் உடுத்தும் கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காட்டின் பெயர்த் திரிபே. ஓர் ஊரின் பெயர் கடல் கடந்து, வேற்று மொழியில் ஓர் உடையின் பெயராக நிலைத்துவிட்டது!

இதிலே நமக்கு இரண்டு படிப்பினைகள் இருக்கின்றன. முதலாவது, வாங்குபவரின் விருப்பத்தை அறிந்த பிறகே சரக்கைக் கட்டவேண்டும். இரண்டாவது, இன்று வாங்கிய சரக்கும் அடுத்த ஆண்டு வாங்கும் சரக்கும் ஒரே தரமாக இருந்தால்தான் பெயர் நிலைக்கும். நம் புதுக் கடைக்காரர்கள் பலர் மொத்த வியாபாரி மலிவாகத் தந்த சரக்கை முதலில் வாங்கி அடுக்கிவிட்டு, அதற்கு ஆள் தேடுகிறார்கள். முன்னோர் நடந்த வழிக்கு இது நேர் எதிர்.

2. உங்கள் வாடிக்கைக்காரர் யார்?

முற்காலத்தில் பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோலக்கெட்டில் முதலிய ஊர்களைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. லயத்து வீடுகள் வரிசையாய் ஒட்டியிருந்தன. துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன நம்மவர் ஒரு வீட்டில் ஒரு சேலையை விற்றால், மறுநாட் காலை தண்ணீர்க் குழாயடியில் அந்தச் சேதி லயம் முழுவதும் பரவிவிடும். விளம்பரச் செலவு ஒரு காசும் இல்லை.

அந்த நிலை மாறிவிட்டது. 1950-களில் தொடங்கிப் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பின்னர் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் வசிக்கிறார்கள். தொழிற்சாலைகளில் இரவு பகல் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூட அவர்களுக்குத் தெரிவதில்லை. குழாயடி இல்லை, சேதி தானே பரவுவதும் இல்லை. ஆகவே, "நல்ல சரக்கு வைத்தால் ஆள் தேடி வரும்" என்ற பழைய நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது ஆபத்து.

கடைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார காலம் அந்த இடத்தில் நின்று பாருங்கள். ஒரு குறிப்புப் புத்தகத்தில் இவற்றை எழுதுங்கள்: ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்போர் யார் யார்? அவர்கள் எந்த நேரத்தில் வெளியே போகிறார்கள், எந்த நேரத்தில் திரும்புகிறார்கள்? இப்போது நம்முடைய சரக்கை எந்தக் கடையில் வாங்குகிறார்கள்? அந்தக் கடையில் அவர்களுக்குள்ள குறை என்ன? அவர்கள் கையில் பணம் புழங்குவது எந்த நாட்களில்?

கடைசிக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. கெடாவின் நெல் வட்டாரத்தில், முடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் வந்தது முதல் ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது. அறுவடை முடிந்து பணம் கிடைத்ததும் விவசாயி துணிமணியும் பாத்திரமும் வாங்குகிறார். பாலிங் பக்கத்தில் சொந்தமாய் ரப்பர் வைத்திருப்போருக்கு மழைக்காலத்தில் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிரும்போதும் பால் குறைகிறது. சம்பளக்காரருக்கு மாத முடிவே பெருநாள். இம்மாநிலத்தில் அரசாங்க அலுவலகங்களுக்கு ஓய்வு வெள்ளியும் சனியும். பல தனியார் நிறுவனங்களுக்கோ ஞாயிறு. கோலாலம்பூர்க் கடையைப் பார்த்து, "ஞாயிறு மலிவு விற்பனை" என்று இங்கே அறிவிப்பவர் பாதிக் கூட்டத்தை இழப்பார்.

3. பெயரும் பலகையும்

வியாபாரம் தொடங்கிய 30 நாட்களுக்குள் 1956-ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டப்படி பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. தனிக் கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இந்த 30 வெள்ளி வித்தியாசத்துக்காகப் பெயரைச் சிக்கனம் பிடிக்கவேண்டாம். கடைப் பெயர் ஒரு சொத்து.

பெயர் சுருக்கமாக இருக்கவேண்டும். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவர் நாவிலும் எளிதாகப் புரளவேண்டும். முன்னாளில் துணி, தீப்பெட்டி, மாவு எல்லாவற்றிலும் யானை, சேவல், பிறை என்று ஏதேனும் ஒரு படம் இருந்ததன் காரணம் இதுவே. எழுத்துத் தெரியாதவரும் மொழி தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். இன்று எல்லாரும் படித்தவர்கள் என்றாலும், வேகமாகக் காரில் போகிறவருக்குப் படிக்க நேரமில்லை. அவருக்கும் படம் உதவும்.

பலகைக்கு உள்ளூர் மன்றத்தின் அனுமதி வேண்டும். பலகையில் மலாய் மொழி பிரதானமாக இருக்கவேண்டும். முதலில் அனுமதி வாங்குங்கள், பிறகு பலகை அடியுங்கள். மாற்றியடித்தால் இரட்டைச் செலவு. பலகையில் உங்கள் பெயரைக் காட்டிலும், நீங்கள் விற்பது என்ன என்பது பெரிதாகத் தெரியட்டும். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தால் ஒரு பார்வையில் விளங்கவேண்டும். விளங்காவிட்டால் அது பலகையன்று, அலங்காரம்.

4. ஆள் இருக்கும் இடத்துக்குச் சரக்கு

இன்று நாடெங்கும் பெயர் பெற்ற நாசி கண்டார் எப்படி ஆரம்பமாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது. மலாய் மொழியில் 'கண்டார்' என்பது தோளில் தாங்கும் காவடித் தண்டு. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று தோளிலே சுமந்துகொண்டு நம்மவர் பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களிடம் போய் விற்றார்கள். அத்தொழிலாளிக்குப் பசிக்கும் நேரம் எது, அவர் கூடும் இடம் எது என்று அறிந்து அங்கே நின்றார்கள். தினமும் ஒரே மரத்தடியில், ஒரே நேரத்தில் நின்றதால் இடமே அடையாளமாயிற்று. தோள்சுமை நாளடைவில் ஒட்டுக்கடையாயிற்று, ஒட்டுக்கடை உணவகமாயிற்று. பினாங்கில் உள்ள ஹமீதியா தனது தொடக்கத்தை 1907 என்று சொல்லிக்கொள்கிறது. அதேபோல, ரொட்டியும் பிஸ்கட்டும் ஏற்றிச் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் தோட்டத்துக்குள் போனவருக்கு அவருடைய ஹாரன் ஓசையே விளம்பரம். அந்த ஓசை கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவரும்.

ஆகவே புதுக் கடைக்காரர், கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. வாரத்தில் ஓரிரு நாள் இரவுச் சந்தையில் சிறு கடை போடலாம். அங்கே வரும் இலாபம் சிறிதானாலும், ஊர் ஜனங்கள் உங்கள் முகத்தையும் சரக்கையும் அறிந்துகொள்வார்கள். ஷிப்டு முடிந்து காலையில் திரும்புகிற தொழிலாளிக்கு அந்த நேரத்தில் கடை திறந்திருந்தால், ஒன்பது மணிக்குத் திறக்கும் எதிர்க்கடை உங்களுக்குப் போட்டியே அன்று.

கைப்பேசியும் இக்காலத்து ஹாரன்தான். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம், சில நல்ல படங்கள் ஆகியவற்றைப் பதிய ஒரு காசும் செலவில்லை. வாட்ஸ்அப்பில் அன்றைய சரக்கையும் விலையையும் வாடிக்கைக்காரருக்குத் தெரிவிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் அமலில் உள்ளது. ஒருவருடைய எண்ணை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும், கேட்காதவருக்கு நாள்தோறும் பத்துச் செய்தி அனுப்புவது மரியாதையன்று. வாரத்துக்கு ஒன்று, பயனுள்ளதாக அனுப்பினால் போதும்.

5. விளம்பரச் செலவுக்கும் கணக்கு வேண்டும்

ஓர் உதாரணம் பார்ப்போம். 1,000 துண்டுப் பிரசுரம் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுக்க 150 வெள்ளி செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து 20 பேர் வந்தார்கள். அப்படியானால் ஒருவரை வாசலுக்கு அழைத்துவர 7 வெள்ளி 50 காசு ஆயிற்று. ஒவ்வொருவரும் 20 வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறார். நூற்றுக்குப் பன்னிரண்டு மிச்சம் என்றால் ஒருவரிடம் 2 வெள்ளி 40 காசு. இருபது பேரிடமும் சேர்த்து 48 வெள்ளி. வாடகை, சம்பளம் ஒருபுறமிருக்க, இந்த விளம்பரத்தில் மட்டும் 102 வெள்ளி நஷ்டம்.

ஆனால் அந்த இருபது பேரில் எட்டுப் பேர் வாரந்தோறும் வருகிறார்கள் என்றால்? வாரத்துக்கு 19 வெள்ளி 20 காசு கிடைக்கும். ஆறாவது வாரத்தில் செலவு மீண்டுவிடும். அதற்கப்பால் வருவதெல்லாம் வரவு. இதனால் அறியவேண்டியது யாதெனில், விளம்பரம் ஆளை ஒரு முறைதான் அழைத்துவரும். அவரை மறுமுறை வரவழைப்பது கடைக்காரரின் நடத்தை. நடத்தை சரியில்லாத கடைக்கு விளம்பரம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகும்.

எந்த விளம்பரம் பலித்தது என்று அறிய எளிய வழி உண்டு. தாமானில் கொடுக்கும் பிரசுரம் பச்சையாகவும், இரவுச் சந்தையில் கொடுப்பது மஞ்சளாகவும் இருக்கட்டும். அதைக் கொண்டுவருவோருக்கு ஒரு சிறு சலுகை கொடுங்கள். மாத முடிவில் எந்த நிறம் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்களிடம், "நம் கடையை எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதுங்கள். பலிக்காததை நிறுத்திவிட்டுப் பலித்ததற்கே செலவிடுங்கள்.

6. கடன் விளம்பரமன்று

புதுக் கடைக்காரர் பலர் ஆள் சேர்க்கக் கையாளும் முதல் உபாயம் கடன் கொடுப்பது. தோட்டத்தில் கடன் நடந்ததற்குக் காரணம் இருந்தது. வாங்குபவர் எந்த லயத்தில், எந்த வீட்டில் இருக்கிறார் என்று கடைக்காரருக்குத் தெரியும். சம்பள நாள் தெரியும். மண்டோரும் கிராணியும் தெரிந்தவர்கள். இன்று தாமானில் வாடகைக்கு இருப்பவர் வீடு மாறிப் போனால் எங்கே தேடுவது? '555' குறிப்புப் புத்தகத்தில் பெயர் மட்டும் மிஞ்சும்.

கணக்கைப் பாருங்கள். 100 வெள்ளிக்கு விற்ற சரக்கின் அடக்கம் 88 வெள்ளி. அந்தக் கடன் வராமற் போனால், 88 வெள்ளி முதல் போயிற்று. நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் அதை மீட்க, இன்னும் 733 வெள்ளிக்கு ரொக்க வியாபாரம் செய்யவேண்டும். இதில் இன்னொரு கேடும் உண்டு. பாக்கிக்காரர் உங்களைக் காண வெட்கப்பட்டு, ரொக்கம் கையில் இருக்கும் நாளில் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். பணமும் போயிற்று, வாடிக்கையும் போயிற்று.

கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு உதவ விரும்பினால் தருமமாகவே கொடுத்து, அதைத் தனியே எழுதுங்கள். தருமத்தையும் வியாபாரத்தையும் ஒரே புத்தகத்தில் கலந்தால் இரண்டும் கெடும். கடன் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கடை முதலில் இவ்வளவு பங்குக்கு மேல் இல்லை, ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று முன்பே வரம்பு கட்டி, அந்த வரம்பை மைத்துனருக்காகவும் தாண்டாதிருங்கள்.

7. நாணயமே நீண்டநாள் விளம்பரம்

1957-இல் கோத்தா பாருவில் சிறு கடையாகத் தொடங்கிய மைடின் நாடெங்கும் பரவியதன் காரணங்களுள் ஒன்று, 'அங்கே விலை குறைவு' என்ற ஒரே பேச்சை அது விடாமற் காப்பாற்றியது. சிறு கடைக்காரர் விலையில் பெரிய கடைகளோடு மோத முடியாது. ஆனால் 'அங்கே அளவு சரியாயிருக்கும்', 'அங்கே பழையதைக் கலக்கமாட்டார்கள்' என்ற பேச்சை அவரால் சம்பாதிக்க முடியும்.

அளவில் குறைப்போரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது; அது 83-ஆவது அத்தியாயம். நாட்டுச் சட்டமும் எடை அளவைகளைக் கட்டுப்படுத்துகிறது. தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வாங்கி, அது வாடிக்கைக்காரர் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் விலை எழுதி ஒட்டுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடைக்கு ஆள் திரும்பி வருவதில்லை.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். முஸ்லிம் கடை என்பதால் ஹலால் சான்றிதழ் தானாக வந்துவிடாது. 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவுகளின்படி, ஜாக்கிம் அமைப்பும் மாநிலச் சமய மன்றங்களும் வழங்கும் சான்றும் சின்னமுமே செல்லும். விண்ணப்பித்து வாங்காமல் அந்தச் சின்னத்தைப் பலகையில் எழுதுவது குற்றம். அன்றியும், தாமானில் நம் இந்துச் சகோதரர்களும் வாடிக்கைக்காரர்களே. மாட்டிறைச்சிக் கறிக்குத் தனிக் கரண்டி வைத்து, அது இன்ன கறி என்று எழுதி வைத்தால், அவர்கள் நம்பிக்கையோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் மனத்தைப் புண்படுத்தாதிருப்பதற்குச் செலவில்லை. அதன் வரவோ பெரிது.

8. முதல் மூன்று மாதம்

முதல் மாதத்தில் நூறு வாடிக்கைக்காரரின் முகத்தையும் பெயரையும் மனத்தில் பதித்துக்கொள்வதே உங்கள் வேலை. மலாய்க்காரரிடம் மலாயிலும், தமிழரிடம் தமிழிலும், இயன்றால் சீனரிடம் அவர் மொழியில் இரண்டு சொல்லும் பேசுங்கள். இரண்டாம் மாதத்தில், இந்நூறு பேரில் திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வராதவர் ஒருவரை வழியில் கண்டால் குறை என்னவென்று பணிவாகக் கேளுங்கள். அவர் சொல்வது கசந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதத்தில், ஓடாத சரக்கை அடக்க விலைக்காவது தள்ளிவிட்டு, கேட்டுக் கேட்டு இல்லையென்று சொன்ன சரக்கை வாங்கி வையுங்கள்.

பயிற்சி

இவ்வாரம் உங்கள் கடைக்கு வெளியே வந்து எதிர்ச் சாரியில் பத்து நிமிடம் நில்லுங்கள். பலகை விளங்குகிறதா? வாசல் வெளிச்சமாக இருக்கிறதா? கடந்து போவோரில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்? கடை இல்லாதவர்கள், திறக்க நினைக்கும் இடத்தில் நின்று இரண்டாம் பகுதியிற் சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். எழுதியதைக் கடைத்தெருவில் பழம் தின்று கொட்டை போட்ட நம் பெரியவர்கள் ஒருவரிடம் காட்டி யோசனை கேளுங்கள். முன்பணம் கட்டிய பிறகு கேட்கும் யோசனையைவிட, கட்டுவதற்கு முன் கேட்கும் யோசனை மலிவு.